ஹார்ட்லி: மனத்தில் நிற்க எந்த வழி ஏற்றது?

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளையிடம் விருந்தினர் ஒருவர் வந்து, "தி ஏசி ஹார்ட்லி (hardly) ஒர்க்ஸ்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் சொல்வது முறைப்பாடு. ஏசி இருந்தும் இல்லாத கணக்குத்தான், அறை வேகிறது, ஆளை அனுப்புங்கள் என்கிறார். ஆனால் 'ஹார்ட்' என்றால் கடினம், கடுமை என்று பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைக்கு, ஏசி கடுமையாக வேலை செய்கிறது என்றுதான் முதலில் படும். சிரித்த முகத்தோடு நன்றி சொல்லி அனுப்பிவிட்டால் விருந்தினருக்குக் கோபம் இரட்டிக்கும். அவர் ஏன் கோபித்தார் என்பது பிள்ளைக்கு விளங்கவே விளங்காது.

நீளமான, வாயில் நுழையாத ஆங்கிலச் சொற்கள் நம் பிள்ளைகளை அவ்வளவாக ஏமாற்றுவதில்லை. தெரியாத சொல் என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும். அகராதியைத் தேடுவார்கள், பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார்கள். ஹார்ட்லி அப்படியல்ல. தெரிந்த சொல்லின் முகத்தோடு வந்து நிற்கும். அதனால் யாரும் அகராதியைத் திறப்பதில்லை. வசனத்தின் கருத்து தலைகீழாகிப் போனாலும் படித்தவருக்கு எதுவும் உறுத்தாது. மாலை வகுப்புகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கும் ஆங்கிலம் கற்பிக்கிற எனக்கு, இந்த ஒரு சொல்லை எப்படிக் கற்பது என்பதே தனியாக எழுதவேண்டிய விடயமாகத் தெரிகிறது. வழிகள் பல இருக்கின்றன. எல்லா வழிக்கும் ஒரே பலன் இல்லை. எல்லாருக்கும் ஒரே வழி பொருந்துவதும் இல்லை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஹார்ட்லி என்ற வினையடையின் கருத்து, கிட்டத்தட்ட இல்லை என்பது. முழு இல்லையும் அல்ல, ஆனால் இல்லை என்பதற்கு மிக அருகில் நிற்பது. 'ஐ ஹார்ட்லி நோ ஹிம்' என்றால் அவரை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. 'ஐ கேன் ஹார்ட்லி ஹியர் யூ' என்றால் நீங்கள் பேசுவது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. 'ஹார்ட்லி எனி ரைஸ்' என்றால் சட்டியின் அடியில் ஒட்டியிருப்பதுதான் மிச்சம். 'ஹார்ட்லி எவர்' என்றால் எப்போதாவது ஒரு தடவை, அதுவும் சந்தேகம்.

ஆங்கிலம் பேசுகிறவர்கள் இந்தச் சொல்லை எதிர்மறையாகவே நடத்துகிறார்கள் என்பதற்கு நல்ல அடையாளம் ஒன்று உண்டு. 'அவர் பேசுவதில்லை, அல்லவா?' என்று கேட்கும்போது எதிர்மறை வசனத்துக்குப் பின்னால் நேர்மறைக் கேள்வி ஒட்டும் அல்லவா? 'ஹி ஹார்ட்லி டாக்ஸ், டஸ் ஹி?' என்றுதான் அவர்கள் சொல்வார்கள். 'நாட்' எங்கும் இல்லை, ஆனாலும் கேள்வி 'டஸன்ட்' என்று வருவதில்லை. 'சம்' வரவேண்டிய இடத்தில் 'எனி' வருவதும் இதனால்தான். 'கான்ட் ஹார்ட்லி' என்று எழுதினால் பொது ஆங்கிலத்தில் பிழையாகக் கொள்ளப்படுவதற்கும் காரணம் இதுதான். இல்லை என்பதை ஒரே இடத்தில் இரண்டு முறை சொன்னதாகிவிடும்.

தமிழ் பேசுகிறவர்கள் ஏன் இதில் தடுமாறுகிறார்கள்? சோம்பலால் அல்ல. நம் மொழியின் ஒழுங்குதான் நம்மை அந்தப் பக்கம் தள்ளுகிறது. வேகம் என்பதோடு 'ஆக' சேர்த்தால் வேகமாக. அழகு, அழகாக. கடினம், கடினமாக. இந்த 'ஆக' நம்மை ஒருபோதும் கைவிடாது. ஆங்கிலத்தில் 'லி' அதே வேலையைச் செய்கிறது என்று கற்பிக்கிறோம். ஸ்லோ, ஸ்லோலி. குவிக், குவிக்லி. அடுத்து ஹார்ட் வந்தால் பிள்ளை ஹார்ட்லி என்று எழுதிக் கடினமாக என்று கருத்துப் போடுவது புத்தியுள்ள பிள்ளை செய்கிற வேலை. விதி சரி, சொல்தான் விதிக்கு வெளியே நிற்கிறது. கடினமாக என்பதற்கு ஆங்கிலத்தில் வெறும் 'ஹார்ட்' போதும். 'ஷி ஒர்க்ஸ் ஹார்ட்' என்றால் அவள் பாடுபட்டு உழைக்கிறாள். 'ஷி ஹார்ட்லி ஒர்க்ஸ்' என்றால் அவள் உழைப்பதே இல்லை எனலாம். நற்சான்றுக் கடிதத்தில் முதலாவதற்குப் பதில் இரண்டாவதை எழுதிக் கொடுத்தால் ஒருவருடைய வேலையே போகும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. தமிழில் எதிர்மறை வசனத்தின் கடைசியில் வரும். வரவில்லை, தெரியாது, கிடைக்காது என்று வினை முடிகிற இடத்தில்தான் ஆமா இல்லையா என்பது தெரியும். நம் காது அங்கேதான் காத்திருக்கும். ஹார்ட்லியோ வசனத்தின் நடுவில், வினைக்கு முன்னாலேயே எதிர்மறையைச் சொல்லி முடித்துவிடுகிறது. நாம் கடைசிச் சொல்லுக்காகக் காத்திருக்கும்போது கருத்து கடந்து போய்விடுகிறது. அதோடு வேகமான பேச்சில் இந்தச் சொல்லின் நடுவிலுள்ள மெய்யொலி கரைந்துவிடும். தொலைபேசியில் 'ஐ கேன் ஹார்ட்லி ஹியர் யூ' என்று ஒருவர் சொன்னால், காதில் விழுவது 'ஐ கேன்... ஹியர் யூ' மட்டும்தான். கேட்கிறது என்கிறார் என்று எண்ணி நாம் அதே குரலில் பேசிக்கொண்டே இருப்போம்.

இந்த மூன்று தடைகளையும் வைத்துத்தான் ஒவ்வொரு வழியையும் எடை போடவேண்டும்: 'ஆக' என்ற பழக்கம், கடைசியில் காத்திருக்கும் காது, கரைந்துபோகும் ஒலி.

சொல்லும் கருத்தும் எழுதும் கொப்பி

கல்முனையிலும் காத்தான்குடியிலும் களுவாஞ்சிக்குடியிலும் ஆங்கிலம் படிக்கும் எந்தப் பிள்ளையின் புத்தகப் பையிலும் இந்தக் கொப்பி இருக்கும். நடுவில் ஒரு கோடு, இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ். 'ஹார்ட்லி – அரிதாக' என்று ஒரு வரி. எழுதிப் பாடமாக்கி, அடுத்த நாள் ஒப்புவித்துவிட்டால் வேலை முடிந்தது.

செலவில்லாத வழி, ஆசிரியருக்குத் திருத்துவதும் எளிது. சொல்லுக்குக் கருத்தைக் கோடிட்டு இணைக்கும் கேள்விக்கு உதவும். பெயர்ச்சொற்களுக்கு இதைவிட வேறு வழி தேவையே இல்லை என்பேன். ஆனால் ஹார்ட்லிக்கு இதுதான் மிக மோசமான வழி. 'ஐ ஹார்ட்லி நோ ஹிம்' என்பதில் அந்த அரிதாக என்பதைப் பொருத்திப் பாருங்கள். 'நான் அவரை அரிதாக அறிவேன்.' இது தமிழே அல்ல. பிள்ளை அந்த இடத்தில் சொல்லை விட்டுவிட்டு, 'எனக்கு அவரைத் தெரியும்' என்று எழுதிவிடும். கொப்பியில் சரியான கருத்து இருக்கும், விடைத்தாளில் நேர் எதிரான கருத்து இருக்கும்.

மறதி என்ற தொல்லையும் இருக்கிறது. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைப் பாடமாக்கித் தம்மையே சோதித்து 1885இல் வெளியிட்ட ஆய்வில், மறதியின் பெரும்பகுதி முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது என்று காட்டினார். வசனத்தில் பொருந்தாத கருத்தோடு எழுதப்பட்ட சொல் பொருளற்ற அசையைப் போன்றதுதான். ஒரு நாளில் உதிர்ந்துவிடும்.

ஒலியும் படமும்

சொல்லின் ஒலியைத் தாய்மொழிச் சொல் ஒன்றோடு கோத்து, இரண்டையும் ஒரு படமாகக் கற்பனை செய்வது இன்னொரு வழி. இதில் உண்மை இல்லாமலில்லை. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அட்கின்சனும் ராவும் 1975இல் வெளியிட்ட ஆய்வில், 120 ரஷ்யச் சொற்களை இம்முறையில் கற்ற மாணவர்கள் 72 வீதத்தை நினைவில் வைத்திருந்தார்கள். மற்றவர்கள் 46 வீதம்தான். ஆனால் படத்துக்கு ஒரு பொருள் வேண்டும். மணி, குதிரை, பாலம் என்றால் படம் வரும். கிட்டத்தட்ட இல்லை என்பதற்கு என்ன படம் வரைவது? ஹார்ட்லியின் ஒலி முதலில் இழுத்து வரும் சொல்லும் ஹார்ட் தான். தவிர்க்க வேண்டிய சொல்லையே துணைக்கு அழைத்ததாகிவிடும். இந்தச் சொல்லுக்கு இந்த வழி வேண்டாம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது

ஹார்ட் ஒரு பக்கம், ஹார்ட்லி மறுபக்கம். 'ஹி ஸ்டடிஸ் ஹார்ட்', 'ஹி ஹார்ட்லி ஸ்டடிஸ்'. ஒன்றில் சொல் வினைக்குப் பின்னால், மற்றதில் முன்னால். ஒன்றில் பிள்ளை பரீட்சைக்கு விடிய விடியப் படிக்கிறது, மற்றதில் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. ஆசிரியர்கள் விரும்பும் வழி இது. கரும்பலகையில் அழகாக இருக்கும், வகுப்பே சிரிக்கும், எல்லாருக்கும் விளங்கிவிடும்.

இடம் மாறினால் கருத்து மாறும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழி இல்லை. 'ஆக' என்ற பழக்கத்தை உடைப்பதில் இதற்கு முதலிடம் கொடுக்கலாம். ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டால், இரண்டு வசனங்களும் நினைவிருக்கும், எது எந்தக் கருத்து என்பதுதான் நினைவிருக்காது. உருவம் ஒத்த இரண்டு சொற்களை ஒரே மூச்சில் புதிதாகக் கற்றால் ஒன்று மற்றதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஹார்ட்டை ஏற்கெனவே நன்றாகப் பழகிய பிள்ளைக்கு ஆபத்துக் குறைவு. இரண்டும் புதிது என்றால் இந்தப் பாடத்தைப் பின்போட வேண்டும். தரம் 6, 7 பிள்ளைகளுக்கு முதலில் ஹார்ட்டை மட்டும் சில மாதங்கள் புழங்கவிடுங்கள்.

அரிது என்ற பாலம்

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஹார்ட்லி எப்போதுமே இன்றைய கருத்தில் இருந்ததில்லை. பழைய ஆங்கிலத்தில் அது கடுமையாக, உறுதியாக என்ற கருத்தில்தான் வழங்கியது. நம் பிள்ளை இன்று எழுதும் கருத்துக்கு மிக நெருக்கமானது அது. காலப்போக்கில் சிரமப்பட்டு, பாடுபட்டு என்ற கருத்து வந்தது. சிரமப்பட்டால்தான் நடக்கும் என்றால் அது அடிக்கடி நடக்காது. அடிக்கடி நடக்காதது நடக்காததற்குச் சமானம். இப்படி நகர்ந்து நகர்ந்து 16ஆம் நூற்றாண்டளவில் கிட்டத்தட்ட இல்லை என்ற கருத்து வந்து சேர்ந்தது. பழைய கருத்து பிறகு மெல்ல வழக்கொழிந்தது.

இதே வழியில் தமிழும் நடந்திருக்கிறது. 'அரிது' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'சொல்லுதல் யார்க்கும் எளிய அரியவாம் சொல்லிய வண்ணம் செயல்' என்ற குறளில் எளியதற்கு எதிராக அரியது நிற்கிறது. அங்கே அரியது என்றால் கடினமானது. நாம் இன்று, 'அவர் இந்தப் பக்கம் வருவது அரிது' என்று சொல்லும்போது, அவருக்கு வருவது கடினம் என்று சொல்லவில்லை. வருவதே இல்லை எனலாம் என்கிறோம். 'கச்சான் காற்று வீசும் காலத்தில் மழை அரிது' என்பதிலும் கடினம் எங்கும் இல்லை. கடினம் என்ற இடத்தில் தொடங்கி இல்லாமை என்ற இடத்தின் வாசலில் போய் நின்றது நம் சொல். ஹார்ட்லியும் அதே வாசலில்தான் நிற்கிறது.

இரண்டு மொழிகளும் ஒரே இடத்தில் கைகோத்து நிற்கும் சான்று ஒன்று உண்டு. 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில் மத்தேயு 19ஆம் அதிகாரம் 23ஆம் வசனத்தில், செல்வந்தன் பரலோக ராச்சியத்தில் நுழைவதைப் பற்றிச் சொல்லும்போது 'ஷால் ஹார்ட்லி என்டர்' என்று வருகிறது. அங்கே ஹார்ட்லிக்குப் பழைய கருத்து: பாடுபட்டுத்தான் நுழைவான். தமிழ் வேதாகமம் அதே இடத்தில் 'பிரவேசிப்பது அரிது' என்கிறது. மட்டக்களப்பில் ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போகிற குடும்பங்களுக்கு இந்த வசனம் மனப்பாடம். அந்தப் பிள்ளைகளிடம் இதை ஒரு முறை காட்டினால் போதும், கண்கள் விரியும். குறள் படித்த பிள்ளைகளுக்குக் குறள் போதும்.

இந்த வழியின் பலம், சொல் இனிமேல் விதிக்குக் கட்டுப்படாத முரட்டுச் சொல்லாகத் தோன்றாது என்பது. ஏன் இப்படி ஆனது என்பது தெரிந்துவிடுகிறது. காரணம் தெரிந்த பிள்ளை கடினமாக என்று எழுத வந்த பேனையைத் தானே நிறுத்திக்கொள்ளும்.

ஆனால் விளங்குவது வேறு, வேண்டிய கணத்தில் நாவில் வருவது வேறு. அரிது என்ற பாலம் விளங்கவைக்கும், பேச வைக்காது. கவனிக்க வேண்டியது இன்னொன்று: அரிது என்று வசனத்தின் முடிவில் வரும்போதுதான் இந்தப் பாலம் தாங்கும். அதை 'அரிதாக' என்று மாற்றி நடுவில் செருகினால், எத்தனை தடவை என்ற கணக்கு மட்டும்தான் மிஞ்சும். கொப்பி வழி தோற்றதும் அதனால்தான். ஹார்ட்லி உள்ள வசனத்தைத் தமிழில் சொல்லும்போது கடைசி வினை எதிர்மறையில் முடியவேண்டும் என்பதை ஒரு விதியாகவே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அவ்வளவாகத் தெரியாது. கேட்கவே இல்லை. இல்லையென்றே சொல்லலாம். பார்ப்பதே இல்லை.

இந்த விதி தாங்காத இடமொன்றில் தமிழ் அதைவிட அழகான வழியை வைத்திருக்கிறது. 'ஹார்ட்லி ஹேட் வீ ரீச்ட் தி ஸ்டாண்ட் வென் தி பஸ் லெஃப்ட்' என்ற வகை வசனங்கள் க.பொ.த. உயர்தர மாணவர்களையே மிரட்டும். 'நாங்கள் பஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் சேராததுமாக பஸ் புறப்பட்டுவிட்டது' என்று சொல்லிப் பாருங்கள். சேர்ந்ததும், சேராததும். ஆமாவும் இல்லையும் அடுத்தடுத்து நிற்கின்றன. வந்ததும் வராததுமாக, கேட்டதும் கேட்காததுமாக என்று நம் வீடுகளில் தினமும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஹார்ட்லி முன்னால் வந்து, 'ஹேட்' அதன் பின்னால் எழுவாய்க்கு முன் ஏறிக்கொள்ளும் அந்த விநோதமான ஒழுங்கு, இந்தத் தமிழ்த் தொடரோடு சேர்த்துப் படித்தால் பயமுறுத்தாது.

ஆங்கிலத்துக்கு ஆங்கில அகராதி

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கென்றே எழுதப்பட்ட அகராதிகளில் ஹார்ட்லிக்குக் கொடுக்கும் விளக்கம் மிகச் சுருக்கமானது: கிட்டத்தட்ட இல்லை, கிட்டத்தட்ட எதுவுமில்லை. அதன் கீழே வகைக்கொன்றாக வசனங்கள் இருக்கும். இந்த மரபைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர், ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹோர்ன்பி. அவரும் துணைவர்களும் தொகுத்த அகராதி 1942இல் ஜப்பானில் வெளிவந்து, 1948இல் ஆக்ஸ்போர்டால் மறுபதிப்பாகி, இன்றும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. பிறமொழி மாணவர் எங்கே இடறுவார் என்பதைப் பார்த்துப் பார்த்துச் செய்தது என்பதால், ஹார்ட்டோடு குழப்ப வேண்டாம் என்பதுபோன்ற எச்சரிக்கைகளும் இத்தகைய அகராதிகளில் இருக்கும். தொலைபேசியில் இலவசமாகப் பார்க்கலாம், உச்சரிப்பையும் கேட்கலாம்.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ முதலாம் ஆண்டில் ஆங்கில மொழிமூலம் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு இந்த வழியைத் தயக்கமின்றிச் சொல்வேன். அங்கே ஹார்ட்லி வரும் இடங்கள் வேறு. 'தேர் இஸ் ஹார்ட்லி எனி எவிடன்ஸ்' என்று ஒரு நூல் சொன்னால், சான்று இல்லையென்றே சொல்லலாம் என்று கருத்து. வலுவான சான்று உண்டு என்று எடுத்துக்கொண்ட மாணவர் எழுதும் கட்டுரையின் முடிவே தலைகீழாகும். 'ஹார்ட்லி சர்ப்ரைசிங்' என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 'திஸ் இஸ் ஹார்ட்லி தி டைம்' என்றால் 'இதுவா அதற்கு நேரம்?' நாம் கேள்வியாகக் கேட்டு மறுப்பதை ஆங்கிலம் ஹார்ட்லியால் மெதுவாகச் சொல்லி மறுக்கிறது. இந்த நுட்பங்கள் எந்தச் சொற்கொப்பியிலும் அகப்படாது. ஆனால் விளக்கத்தையே வாசித்து விளங்கும் அளவுக்கு ஆங்கிலம் இல்லாத பிள்ளையிடம் இந்த அகராதியைக் கொடுத்தால், ஒரு சொல்லுக்காக வந்த பிள்ளை நான்கு தெரியாத சொற்களோடு திரும்பிப் போகும்.

சொந்த வசனமும் அட்டையும்

இப்போது நினைவில் நிறுத்தும் வழிக்கு வருவோம். ஒரு சின்ன அட்டை. முன்பக்கம் தமிழ் வசனம், பின்பக்கம் ஆங்கிலம். தமிழைப் பார்த்து ஆங்கிலத்தை வாயால் சொல்ல வேண்டும். பிறகுதான் திருப்பிப் பார்க்க வேண்டும். சொல்ல முடிந்தால் அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். முடியாவிட்டால் முதல் பெட்டிக்கே திரும்பும். முதல் பெட்டியை நாள்தோறும், இரண்டாவதை இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். ஜெர்மானியரான செபஸ்டியன் லைட்னர் 1972இல் எழுதி வெளியிட்ட முறை இதுதான். தொலைபேசியில் செய்ய விரும்புவோருக்கு அன்கி என்ற செயலி இருக்கிறது. ஆன்ட்ராய்டில் பணம் கொடுக்கத் தேவையில்லை.

இது ஏன் வேலை செய்கிறது? அமெரிக்காவில் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்கு ஒரு பந்தியைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் அதைத் திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 56 வீதம் சொன்னார்கள், திரும்பப் படித்தவர்கள் 42 வீதம்தான் சொன்னார்கள். நம் பிள்ளைகள் பரீட்சைக்கு முதல் நாள் இரவு கொப்பியைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் இருப்பதும், மண்டபத்தில் வெறுமையாக இருப்பதும் இதனால்தான்.

அட்டையில் எழுதும் வசனம் எங்கிருந்தோ எடுத்ததாக இருக்கக்கூடாது. அந்தப் பிள்ளையின் ஊரும் வீடும் அதில் இருக்கவேண்டும். படுவான்கரையிலிருந்து வரும் பிள்ளை ஒருத்தியின் அட்டை இது. முன்பக்கம்: 'இரவு எட்டு மணிக்குப் பிறகு எங்கள் ஊருக்கு பஸ் இல்லையென்றே சொல்லலாம்.' பின்பக்கம்: 'தேர் ஆர் ஹார்ட்லி எனி பஸ்ஸஸ் டு அவர் வில்லேஜ் ஆஃப்டர் எய்ட்.' வகுப்பு முடிய இருட்டிவிட்டால் அவள் மணிக்கூட்டைப் பார்ப்பதற்குக் காரணமே அதுதான். அந்த வசனத்தை அவள் மறக்க மாட்டாள். இன்னொரு பிள்ளை எழுதியது: 'ஜூலையில் இங்கே மழை பெய்வதே இல்லை எனலாம்.' பின்பக்கம்: 'இட் ஹார்ட்லி ரெயின்ஸ் ஹியர் இன் ஜூலை.' மாரி மழையில் முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீரைப் பார்த்த பிள்ளைக்கும், கச்சான் அடிக்கும் நாளில் கிணற்றின் அடியைப் பார்த்த பிள்ளைக்கும் இந்த வசனத்தில் ஒரு சொல்லும் அந்நியமில்லை.

முன்பக்கத்தில் தமிழ் வசனத்தின் முடிவிலுள்ள எதிர்மறையின் கீழ் ஒரு கோடு போடச் சொல்கிறேன். பின்பக்கத்தில் ஹார்ட்லியின் கீழ் ஒரு கோடு. கடைசியில் கிடந்த இல்லை எப்படி நடுவுக்கு ஏறிப் போனது என்பதைக் கண் பார்த்துவிடுகிறது. கடைசியில் காத்திருக்கும் காதுக்கு இதைவிட நல்ல மருந்து நான் கண்டதில்லை.

குறை இல்லையா? உண்டு. நாள்தோறும் ஐந்து நிமிடமாவது உட்கார வேண்டும். ஒரு வாரம் விட்டுவிட்டால் முதல் பெட்டி நிரம்பி வழியும், பிள்ளைக்கு மனம் சலித்துப்போகும். பிழையான வசனத்தை அட்டையில் எழுதிவிட்டால் பிழையும் அதே உறுதியோடு பதிந்துவிடும். ஆகவே முதல் தடவை யாராவது தெரிந்தவர் பார்த்துத் திருத்தியே ஆகவேண்டும்.

கேட்டுப் பழகுவது

கரைந்துபோகும் ஒலிக்கு மேலே சொன்ன எந்த வழியிலும் முழுப் பரிகாரம் இல்லை. காதால்தான் பழக வேண்டும். ஆங்கிலச் செய்தி, உரையாடல், கிரிக்கெட் வர்ணனை, எதுவானாலும் சரி. ஆனால் கேட்டுக்கொண்டே இருந்தால் தானாக வரும் என்று விடுவது நெடும் பயணம். சொல்லைத் தெரியாத காது அதைக் கேட்காது. கேட்டாலும் ஹார்ட் என்றே கேட்கும். முதலில் அட்டை, பிறகு காது என்பதே என் வரிசை.

யாருக்கு எது?

க.பொ.த. சாதாரண தரம் எழுதப்போகும் பிள்ளைக்கு ஓராண்டுக்கு மேல் அவகாசம் இருந்தால், அரிது என்ற பாலத்தை ஒரு நாள் கற்பித்து, அடுத்த நாளிலிருந்து அட்டையில் இறக்கிவிடுவதைத் தேர்ந்தெடுக்கிறேன். இந்த இரண்டுக்கும் சேர்ந்து ஆகும் செலவு சில அட்டைகள்தான். பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் பாலத்தை விட்டுவிடலாம். ஹார்ட், ஹார்ட்லி இரண்டையும் பக்கத்தில் வைக்கும் பாடமும், ஹார்ட்லி எனி, ஹார்ட்லி எவர், கேன் ஹார்ட்லி என்ற மூன்று தொடர்களுக்குச் சொந்த வசனம் ஒவ்வொன்றும் போதும்.

ஹோட்டலிலோ கடையிலோ வெளிநாட்டவரோடு பேச வேண்டியவருக்கு வரலாறும் வேண்டாம், அகராதியும் வேண்டாம். அவருக்கு வேண்டியது, 'ஹார்ட்லி' காதில் விழுந்த கணத்தில் இது முறைப்பாடு என்று மனம் விழித்துக்கொள்வது. தண்ணீர், வைஃபை, ஏசி, சத்தம், விளக்கு என்று விருந்தினர் முறையிடும் விடயங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஹார்ட்லியோடு ஒரு வசனம் எழுதி, ஒருவர் விருந்தினராகவும் மற்றவர் ஊழியராகவும் இருந்து வேகமாகச் சொல்லிப் பழகட்டும். விருந்தினராக நடிப்பவர் மெதுவாக, தெளிவாகச் சொல்லக்கூடாது. உண்மையான விருந்தினர் அப்படிச் சொல்லமாட்டார்.

வீட்டில் பிள்ளைக்குத் துணையிருக்கும் பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியவேண்டும் என்பதில்லை. அட்டையின் தமிழ்ப் பக்கத்தை வாசித்து, பிள்ளை சொல்லும்வரை காத்திருந்தால் போதும். உதவி செய்யத் துடிக்கும் அம்மாமார் பிள்ளை கொஞ்சம் திணறியதும் அட்டையைத் திருப்பிக் காட்டிவிடுகிறார்கள். அந்தத் திணறல்தான் வேலை செய்கிறது. அதை விட்டுவிடுங்கள்.

அடுத்ததாக லேட், லேட்லி என்ற இணையும் நியர், நியர்லி என்ற இணையும் இதே வகையில் காத்திருக்கின்றன. லேட்லி தாமதமாக என்பதல்ல, அண்மைக்காலமாக என்பது. நியர்லி அருகில் என்பதல்ல, ஏறத்தாழ என்பது. ஆர்வத்தில் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கற்பிக்கத் தோன்றும். ஹார்ட்லி அட்டை மூன்றாம் பெட்டிக்குப் போய், அங்கே இரண்டு வாரம் தங்கிய பிறகு லேட்லியைத் தொடுங்கள்.